பாவனையில் உள்ள டிரைவ்

வாடகை வானில் ஏறுமுன் அவள் புருஷன் கஜேந்திரன் கடைசியாகச் சொன்னது கம்பியூட்டரைப் பற்றித்தான். "பொட்டிய அணைச்சிடாத சுபா. வந்து முடிக்கிறேன்." பின்னேரம் இடி இடித்ததும் சுபாஜினி அணைத்துவிட்டாள். அந்நேரம் பெரகலை மலைப்பாதைக்குக் கீழே, அவனோடு வான் பள்ளத்தில் கிடந்தது.

அவன் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். தன்னை ஒருநாளும் எடுத்ததில்லை. வீட்டுப் படங்களில் எல்லாம் கமராவுக்குப் பின்னாலிருந்து "சுபா, இங்க பாரு" என்று கூப்பிடும் குரல்தான் அவன்.

மூன்று மாதம் கழித்து, 2004 ஆகஸ்டில், அவன் வீட்டில் எடுத்த கடைசிக் கசெட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது. கம்பியூட்டரில் ஏற்றப் பார்த்தால் நாலு ஜிபியில் நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் பழைய முறையில் இருக்கிறது, ஒரே கட்டளையில் மாற்றலாம், உள்ளே இருப்பது அழியாது என்று பதுளையில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் மர்ஸூக் போனில் சொல்லியிருந்தான். மாற்றினால் திரும்ப முடியாது என்றும் சொன்னான்.

சனிக்கிழமை மத்தியானம். தேயிலை ஃபாக்டரியில் வாடும் கொழுந்தின் வாசனையும் பனியின் ஈரமும் ஜன்னல் இடுக்கால் நுழைந்து, பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் கிடந்த அவனுடைய ஸ்வெட்டரின் சிகரெட் வாசனையோடு கலந்தன. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். டிரைவின் பெயரைக் கேட்டது. அவன் என்ன பெயர் வைத்தான் என்று தெரியாது. மர்ஸூக் போனில் சொல்லி அவள் எழுதி வைத்த இன்னொரு கட்டளை பெயரைக் காட்டியது. நாலே ஆங்கில எழுத்துகள். சுபா.

அதைத் தட்டக் கொஞ்ச நேரம் எடுத்தது.

டிரைவ் பாவனையில் உள்ளது, மாற்ற முடியாது என்றது திரை. எல்லாவற்றையும் மூடினாள். அணைத்து மறுபடி போட்டாள். அதே பதில். பெட்டியின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது, அவன் உட்கார்ந்து படம் தேடும்போது மின்னுவது போல.

போன் எடுத்தாள். "யாரு மர்ஸூக் பாவிக்கிறது?"

"நீங்கதான் டீச்சர். அங்க வேற யாரு இருக்கா?" சிரிக்கத் தொடங்கியவன் குரலைத் தாழ்த்தினான். "ஏதாவது புரோகிராமா இருக்கும். பலவந்தமா வெட்டிவிடவான்னு கேக்கும். ஆமான்னு அமத்துங்க."

கேட்டது. திறந்து வைத்திருப்பவர் எவரானாலும் தொடர்பு அறும். சம்மதமா?

ஆணியில் தொங்கிய ஹெட்போனில் ஏதோ இரைந்தது. காதை அருகே கொண்டுபோனாள். அவளுடைய சிரிப்பு. பிறகு, "சுபா, இங்க பாரு."

எந்தப் படமும் ஓடவில்லை.

நாற்காலியின் பிரம்பு ஓராள் பாரத்துக்குக் குழிந்திருந்தது.

அணைச்சிடாத.

அன்று சொன்னதா? இப்போதா?

கசெட் இன்னும் ஒரு தடவைதான் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு ஆமென்று அமத்தினாள்.

விளக்கு நின்றது. பிரம்பு கிறீச்சிட்டு மேலெழும்பியது. மெதுவாக. பிறகு பின்கதவின் கொண்டி.

மாற்றம் முடிந்தது. எல்லாம் பத்திரமாக இருந்தது. பொங்கல் படத்தைப் போட்டாள். அடுப்பு, புகை, லயத்துப் பிள்ளைகளின் கூச்சல். பானையருகே நிற்கும் அவள் சட்டென்று திரும்பி, "என்னங்க?" என்கிறாள்.

யாரும் கூப்பிடவில்லை.

படத்திலிருப்பவள் தலைசாய்த்துக் கேட்கிறாள். வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும். கடைசித் தடவையாக ஓட்டி ஏற்றிய கசெட்டிலும்.

திறந்த பின்கதவால் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. பெயர் காட்டும் கட்டளையை மறுபடி தட்டினாள்.

சுபா.