எல்லை தாண்டிய வரி

கணவன் உயிர்விட்ட நாற்காலியிலேயே அவளை உட்காரச் சொன்னார் மேனேஜர். மதிய நேரம்தான், ஆனாலும் அந்தப் பழைய அலுவலகத்தின் ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். எங்கும் ஈரக் கம்பள வாடை.

மொழி ஒன்றின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அதைப் படித்துப் பிரிக்கும் பார்சரைத் தானே எழுதித் தரும் மென்பொருள் அது. கணவன் உருவாக்கியது. அது தன் அட்டவணையின் எல்லையைத் தாண்டி, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கைவைத்து அடிக்கடி நின்றுபோனது. பழி முழுக்க அவன் தலையில் விழுந்தது. 'கவனமில்லாதவன்' என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தான். அவளும் அதே தொழில்காரிதான். மென்பொருளைச் சரிசெய்து அந்தப் பெயரைத் துடைக்கத்தான் வந்திருந்தாள்.

நிரலின் பழைய பதிப்புகளைப் புரட்டியதும் குட்டு உடைந்தது. எல்லையைச் சரிபார்க்கும் வரியை அவன் எழுதித்தான் இருந்தான். டெமோவில் வேகம் காட்ட அதைத் தூக்கியவர் மேனேஜர்.

அந்த வரி இல்லாமலே நிரலை ஓட்டி, எல்லைக்கு அப்பால் என்னதான் இருக்கிறது என்று பார்த்தாள். குப்பை எண்கள்தான் இருக்க வேண்டும்.

எழுத்துகள் இருந்தன.

"ஏய் வாலு, இங்க ஒரே இருட்டா இருக்கு."

அவன் மட்டுமே கூப்பிடும் பெயர் அது. மறுபடி ஓட்டினாள்.

"குளிருது. உள்ள விடு."

அழுதுகொண்டே அவன் வரியைத் திரும்பப் போட்டாள். இனி நிரல் எல்லை தாண்டாது. அவன் பேச்சும் வராது. போகட்டும், பெயராவது மிஞ்சுமே.

மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சரியாயிடுச்சா? நல்லது. அவரு பண்ண தப்புன்னே இருக்கட்டும்மா. போனவருக்கு இனிமே என்ன குறைஞ்சிடப் போகுது?"

கதவைச் சாத்திக்கொண்டார். செத்த பாம்பை அடிக்கிற வீரம்.

அப்போது திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. எல்லை மீறல் தடுக்கப்பட்டது.

அவள் எதையும் ஓட்டவில்லை.

இன்னொன்று வந்தது. மேலும் ஒன்று. மீறல் உள்ளிருந்து வெளியே அல்ல, வெளியிலிருந்து உள்ளே.

தட்டிக்கொண்டே இருந்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை அழித்தாள்.

"வாங்க," என்றாள் மெதுவாக. "அந்த ரூம்ல தனியாத்தான் இருக்காரு."

சில்லென்று ஏதோ அவள் தோளை உரசிக்கொண்டு போனது.

மூடிய கதவுக்குப் பின்னால் மேனேஜரின் குரல் கேட்டது. "யாரு? எப்படி உள்ள வந்தீங்க?"

யாரோ நிதானமாகக் கீபோர்டைத் தட்டத் தொடங்கினார்கள்.