காணாமல் போன கன்னம்

“களவு போனது என்ன?” என்று கேட்டபடி பேனா மூடியைக் கழற்றினார் அவசரம்.

“என் கன்னம்,” என்றாள் வந்தவள்.

பேனா அப்படியே நின்றது. அவசரம் என்பது வீட்டார் வைத்த பட்டப்பெயர். எதிரே அமர்ந்திருந்த அவருடைய அக்காள் கணவர் துப்பறியும் தொழில் செய்பவர். ஊருக்கு அவர் மௌனி.

அவள் காப்பீட்டு முகவர். ஸ்கூட்டரில் வந்திருந்தாள். ஹெல்மெட் கன்னத்தை விட்டு வர மறுத்ததால் அவசரம்தான் எழுந்து இழுத்துக் கழற்றிவிட்டிருந்தார். மேசைமேல் கவிழ்ந்து கிடந்த அதை மௌனி சும்மா திருப்பிப் பார்த்தார். உள்ளே, கன்னம் படும் பஞ்சில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஊக்குகள் எதையும் பிடிக்காமல் குத்தியிருந்தன.

“பெரிய காய்ச்சல் சார், ஆறு மாசம் படுக்கை. எழுந்தப்போ கன்னம் ரெண்டும் குழி. பாலிசி பத்திப் பேசப் போனா, ‘முதல்ல உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்கம்மா’ன்னு சிரிச்சாங்க. அதான் தோல் டாக்டர்கிட்ட குழியை நிரப்பற ஊசி, ஃபில்லர், போட்டுக்கிட்டேன். இது மூணாம் நாள் எடுத்தது.”

செல்போனில் நிலா மாதிரி ஒரு முகம். கண்ணின் கீழ் இமைகூடப் பளபளவென்று இருந்தது.

“இப்ப பாருங்க, மூணு வாரத்துல பாதி காணோம்! என் நாத்தனார் அங்கதான் நர்ஸ். ஊசி எடுத்துக் கொடுத்தது அவதான். ஒரு ஊசியில மருந்து மீதி இருந்ததை என் கண்ணால பார்த்தேன். எனக்குத் தண்ணியைக் கலந்துட்டு மிச்சத்தைத் தனக்குப் போட்டுக்கிட்டா. இப்ப அவ கன்னம் பலூன்! வெளியூர் போன டாக்டர் சாயங்காலம் வர்றார். வந்ததும் புகார் கொடுத்து அவ வேலையைக் காலி பண்ணிடுவேன்.”

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?” என்று கேட்டார் அவசரம்.

“பொண்டாட்டியா தங்கச்சியான்னு தெரியாம சாப்பிடாம உட்கார்ந்திருக்கார்.”

மௌனி கேட்டது வேறு. “தாங்க முடியாத வலி, தோல் வெளுத்துப்போறது, பார்வை மங்கறது, ஏதாவது இருந்துச்சா?”

“இல்லையே.”

“நல்லது. இருந்தா நீங்க வந்திருக்க வேண்டிய இடம் இது இல்லை, நேரா ஆஸ்பத்திரி. சரி, ஊசி எங்கெங்க போட்டாங்க?”

“ரெண்டு கன்னத்து மேட்டுலயும். வேற எங்கயும் இல்லை.”

“சாயங்காலம் கிளினிக்ல பார்ப்போம். ஹெல்மெட்டை மறக்காம கொண்டுவாங்க.”

கிளினிக்கில் டாக்டர் அப்போதுதான் பெட்டியை இறக்கி வைத்திருந்தார். நர்ஸ் கைக்குட்டையால் முகத்தைப் பொத்தி, அழுத கண்களுடன் நின்றாள். அவளைச் சுற்றிக் கிராம்பு வாசனை.

“அத்தான், கன்னம் கிடைச்சிடுச்சு!” என்று கிசுகிசுத்தார் அவசரம்.

“ஒண்ணுதானே மாப்ளே கிடைச்சிருக்கு? திருடின மருந்தை எவளாவது ஒரு கன்னத்துக்கு மட்டும் போட்டுக்குவாளா? ஏம்மா, பல்லா?”

நர்ஸ் கைக்குட்டையை எடுத்தாள். வீக்கம் இடப்பக்கம் மட்டும்தான். “கடைவாய்ப் பல் சார். லீவு போட்டா பயந்து ஓடிட்டேன்னு அண்ணி சொல்வாங்களேன்னு பொறுத்துக்கிட்டிருக்கேன்.”

அண்ணியின் குரலில் சுருதி சற்று இறங்கியது. “அப்போ மீதி மருந்து?”

“நான்தான் நிறுத்தினேன்,” என்றார் டாக்டர். “முதல் தடவையே நிறையப் போட மாட்டேன். தேவைப்பட்டா அப்புறம் கொஞ்சம் சேர்த்துக்கலாம். மிச்சத்தை வச்சுக்கறதில்லை, என் முன்னாடியே குப்பைக்குப் போயிடுச்சு.”

“பாதி கன்னம் போனது நிஜம்தானே?”

“போனது உங்க கன்னம் இல்லை, வீக்கம்,” என்றார் மௌனி. “படத்துல கண் இமையும் உப்பியிருக்கு. அங்கதான் ஊசியே போடலையே? மருந்து போகாத இடம் உப்பினா அது வீக்கம். முதல் சில நாள் கண்ணாடியில தெரிஞ்சது மருந்தும் வீக்கமும் கூட்டு. வீக்கம் வடிஞ்சதை நீங்க திருட்டுன்னு நினைச்சுட்டீங்க.”

“வெறும் தண்ணியா இருந்தாலும் வீங்கி வடிஞ்சிருக்குமே!”

“வக்கீலா போயிருக்கலாம்,” என்று முணுமுணுத்தார் அவசரம்.

மௌனி ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினார். “இந்த ஊக்கு எதுக்கு?”

“காய்ச்சலுக்கப்புறம் ஹெல்மெட் லொடலொடன்னு ஆடுச்சு. ரெண்டு பக்கமும் கைக்குட்டையை மடிச்சுக் குத்தி வச்சிருந்தேன்.”

“கைக்குட்டை எங்கே?”

“போன வாரம் இறுக்குதேன்னு எடுத்து…” அவள் நிறுத்தினாள்.

“மாட்டிக்கிட்டுத் தலையை ஆட்டுங்க.”

அவள் மாட்டினாள். ஆட்டினாள். ஹெல்மெட் அசையவில்லை.

“காலையில அதைக் கழற்ற என் மைத்துனர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வீக்கம் போனதுக்கப்புறமும் கைக்குட்டை இருந்த இடத்தை எது நிரப்பியிருக்கு?”

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது.

“இது சாசுவதம் இல்லை,” என்றார் டாக்டர். “ஒரு வருஷம் முன்னே பின்னே மெல்லக் கரையும். இருபது வயசு முகத்தையும் கொடுக்காது. ஆனா தேறின முகத்தைக் கொடுத்திருக்கு.”

“வீக்கம் வடியும்னு அன்னைக்கே சொன்னேன் அண்ணி,” என்றாள் நர்ஸ், வீங்கிய வாயைக் கஷ்டப்பட்டு அசைத்து.

“சொன்னே. நான்தான் கண்ணாடி பேச்சைக் கேட்டேன்.” அவள் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றினாள். இரண்டு ஊக்குகளையும் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள். “முதல்ல உங்க அண்ணனுக்குப் போன் பண்ணி சாப்பிடச் சொல்லு. அப்புறம் பல் டாக்டர்கிட்ட போறோம்.”

“ஸ்கூட்டர்லயா?”

அண்ணி நாத்தனாரின் கன்னத்தை ஒரு முறை பார்த்தாள், கையிலிருந்த ஹெல்மெட்டை ஒரு முறை பார்த்தாள்.

“உனக்கு இது நுழையாதுடி. பஸ்லயே போகலாம்.”