டிராய் எரியும் பலகை

அச்சிலிருந்து வந்த முதல் தாளைப் பார்த்ததுமே கோமருக்கு உறுத்தியது. டிராய் நகரம் வீழும் படம், மரப்பலகையில் அவனே செதுக்கியது: மேகத்தில் வாளேந்திய தேவதை, கீழே முகம் பொத்தி அழும் பெண், பின்னால் எரியும் வீடுகள். அந்தப் பெண்தான் நகரம். அப்படிக் காட்டுவது வழக்கம். டிராயை யார் கண்டார்கள் என்று சோம்பல்பட்டு, ஆன்ட்வெர்ப் நகரில் தான் குடியிருக்கும் தெருவையே செதுக்கி, தன் வீட்டு மாடி ஜன்னலில் மகள் நேலாவையும் வைத்திருந்தான். ஆனால் தெருக்கோடியில் செதுக்கிய தீ, தாளில் பாதித் தெரு தாண்டி வந்திருந்தது.

"லாம்பர்ட், வேற பலகையா இது?"

"வேற பலகைக்கு எங்க போறது?" அச்சடிக்கும் லாம்பர்ட் மை ஒற்றியபடியே சிரித்தான். "அடுத்த மாசம் இதையே நினிவேன்னு போடப் போறோம். இடிஞ்ச ஊரெல்லாம் ஒரே ஊருதான்யா!"

ஆளிவிதை எண்ணெயும் புகைக்கரியும் கலந்த மை நாற்றத்தில், கொடியில் தொங்கிய ஈரத்தாள்கள் காற்றே இல்லாமல் அசைய, அச்சு யந்திரம் முனகி இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் கோமருக்கு வீட்டு நினைப்புதான் வந்தது. நேலா காய்ச்சலோடு வீட்டில் தனியாகக் கிடக்கிறாள். தாயில்லாப் பிள்ளை.

இரண்டாவது தாள். தீ பக்கத்து வீட்டில். அழும் பெண் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, அவன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தாள். ஜன்னலுக்கு இடப்புறம் தீ, சுவரைத் தொட்டபடி. வலப்புறம் வாசற்கதவு. நேலாவின் வாய் திறந்திருந்தது.

"நிறுத்துடா!"

வீட்டுக்கு இரண்டு தெரு ஓட வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தான். தீ இந்தப் பலகையில்தானே இருக்கிறது? உளியை எடுத்தான். மை அப்பிக் கறுத்த பலகையில், இடப்புறம். வெட்டினான். தோண்டினான். சில்லு சில்லாகத் தெறித்தது.

"யோவ், என்ன பண்றே? பலகையில எல்லாம் இடம் வலமா மாறித்தானே இருக்கும்! இத்தனை வருஷம் செதுக்கினவனுக்கு இதுகூடவா மறந்துபோச்சு?"

கோமரின் கை நின்றது. லாம்பர்ட் திட்டிக்கொண்டே இன்னொரு தாள் அச்சடித்தான். தீ அப்படியே இருந்தது. வலப்புறம் வெறும் வெள்ளை. ஜன்னலில் நேலா இல்லை.

ஓடினான்.

தெருவில் புகை இல்லை. கூச்சல் இல்லை. எதிர்வீட்டுக்காரி நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வீட்டு மாடி ஜன்னல் மட்டும் சிவந்து கிடந்தது. கீழே வாசல் இல்லை. கதவு இருந்த இடத்தில் வழவழவென்று வெள்ளைச் சுவர். ஒரு கீறல்கூட இல்லை.

உள்ளிருந்து, அவன் இடுப்பு உயரத்தில், சின்னக் கைகள் தட்டின.

"அப்பா... கதவக் காணோம்ப்பா."