ஒரு கட்டை இறங்கிய கிடார்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரோக்கியமேரி பூங்காவனம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் புத்தம்புதுத் தோல் உறையும் பித்தளை ரிவிட்டுமாக ஒரு பெட்டி. மறுகை முஷ்டிக்குள், விரலிலிருந்து கழற்றிய நிச்சயதார்த்த மோதிரம்.

"அக்கா, கிடார் வாசிச்சா எந்தச் சுரம்னு இங்கிலீஷ் எழுத்துல காட்டற பெட்டி இது. நானே செஞ்சது. நாலு மணிக்கு மெட்ராஸ் கம்பெனி இன்ஜினீயர் வீட்டுக்கே பார்க்க வர்றார். சரியா காட்டினா எனக்கு வேலை. வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லாதான் இருந்தது. இன்னைக்கு எல்லாமே தப்பு! எனக்கு நிச்சயமான இருதயராஜ்தான் சர்ச்சுல கிடார் வாசிக்கறவர். நான் மெட்ராஸ் போறது அவருக்குப் பிடிக்கலை. கம்பியை இறக்கி வெச்சுட்டார்."

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பவள் பூங்காவனம். தெருவில் எந்தச் சிக்கலும் அவளிடம்தான் வரும். அவள் கணவன் சம்பத் அதற்குள் சட்டையை மாட்டியிருந்தான்.

"மாப்பிள்ளைதான் குற்றவாளி. கேஸ் முடிஞ்சுது, பூங்கா!"

"முதல்ல பட்டனைச் சரியா போடுங்க."

மேரி வீட்டில் இருதயராஜ் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் 'ஏ' தந்தியை மீட்டினால் பெட்டி 'ஜி' என்றது. 'ஈ' மீட்டினால் 'டி'. ஆறு தந்தியும் அதே ஒரு கட்டை இறக்கம். சம்பத் அங்கிருந்த ஆர்மோனியத்தை அழுத்திப் பார்த்தான். கிடார் அதோடு அழகாகச் சேர்ந்தது.

"கிடார் பொய் சொல்லலை," என்றாள் பூங்காவனம். சம்பத்துக்கு ஏமாற்றம். "பெட்டிக்குச் சுரம் எப்படித் தெரியுது, மேரி?"

"தந்தி ஒரு தடவை துடிக்க எவ்ளோ நேரமாகுதுன்னு எண்ணும். அந்த எண்ணைப் பட்டியல்ல தேடிச் சுரத்தைச் சொல்லும். சின்ன சிப்பு அக்கா, பெருக்கல் வகுத்தல்னா திணறிடும்."

"நேரத்துக்குக் கடிகாரம்?"

"உள்ள ஒரே வேகத்துல துடிக்கற ஒரு கிரிஸ்டல் இருக்கு. இந்தப் பச்சை விளக்கு நொடிக்கு ஒரு தடவை மின்னறதும் அதாலதான்."

பூங்காவனம் கணவனைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் எண்ணுங்க."

சம்பத் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினான். "அறுபத்தாறு!"

அதுவரை ஓரமாக நின்ற மேரியின் அப்பா மெல்லக் கொல்லைப்பக்கம் நகர்ந்தார். அவர் ஷூ தைப்பவர்.

"நில்லுங்க மாமா," என்றபடி பூங்காவனம் உறையைக் கழற்றினாள். "கடிகாரம் வேகமா ஓடினா எண்ணிக்கை ஜாஸ்தியாகும். துடிப்பு நீளம்னு நினைச்சு, பெட்டி கீழ்ச் சுரத்தைக் காட்டும். வெள்ளிக்கிழமை சரியா இருந்ததுன்னா, நடுவுல கிரிஸ்டலை யாரோ மாத்தியிருக்காங்க. உறையோட உள்பக்கம் பாருங்க, பெட்டிக் குமிழோட தடம் பதிஞ்சிருக்கு. பெட்டியை உள்ள வெச்சே ரிவிட் அடிச்சிருக்கீங்க."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "மெட்ராஸ்காரர் முன்னாடி வெறும் தகரப் பெட்டியா இருக்கக் கூடாதுன்னு நேத்து தைச்சேன். ஷூவுக்குள்ள அச்சுக்கட்டை வெச்சு அடிக்கற பழக்கம். பெட்டியையே கட்டையா வெச்சு அடிச்சுட்டேன். விளக்கு அணைஞ்சுபோச்சு. டிவி ரிப்பேர்காரர் உள்ள ஒண்ணு உடைஞ்சிருக்குன்னு கலர் டிவியில போடறதை மாத்தினார். விளக்கு எரிஞ்சது. பொழைச்சேன்னு நினைச்சேன் கண்ணு."

"அதோட வேகம் வேறப்பா!" அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் சாய்ந்தாள் மேரி. "வேலூர் சத்துவாச்சாரியில ஷஹீன் பானு வீட்ல சரியான கிரிஸ்டல் ஸ்பேர் இருக்கு. என்கூடப் படிச்சவ."

சம்பத் சாவியோடு வாசலுக்கு ஓடினான். பைக்கின் பின்சீட்டில் இருதயராஜ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான்.

திரும்பும் வழியில் பள்ளிகொண்டாவில் பஞ்சர். மூன்றரைக்குத்தான் திரும்பினார்கள். மேரி டிவி கிரிஸ்டலை எடுத்துவிட்டுப் புதியதை ஈயத்தால் பற்றவைத்தாள்.

நாலு மணிக்கு இன்ஜினீயர் தானே 'ஏ' தந்தியை மீட்டினார். 'ஏ' என்றது பெட்டி. இருதயராஜ் விரல்களைப் பறக்கவிட்டான். ஒன்றுகூடத் தவறாமல் எழுத்துகள் பின்னாலேயே ஓடின.

"இந்தச் சின்ன சிப்புலயா? அடுத்த மாசமே சேர்ந்துடும்மா! உறை எந்தக் கடையில வாங்கினது?"

"எங்கப்பா தைச்சது சார்."

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மேரி மோதிரத்தை எடுத்துவந்து இருதயராஜ் முன் முஷ்டியை விரித்தாள்.

"மெட்ராஸ்ல சர்ச்சே இல்லையா? நானும் வந்து வாசிக்கறேன்," என்று அவன் மோதிரத்தை அவள் விரலில் போட்டுவிட்டான்.

மூலையில் சம்பத் பச்சை விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று துள்ளினான்.

"அறுபது, பூங்கா! சரியா அறுபது!"