தீமூக்கனும் ஒரு கை நெத்திலியும்

"இது ரெண்டாவது தடவைம்மா. இன்னொரு தடவை மணி அடிச்சா விதிப்படி வீட்டைக் காலி பண்ணணும்."

"தீ எங்க இருக்கு, காட்டுங்க சார். சட்டியில கருவாடுல்லா இருக்கு."

"மூக்கன் தீன்னு சொல்லுது. மூக்கன் பொய் சொல்லாது."

"அதுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே."

கூரைக் குழாய் பீய்ச்சிய தண்ணீர் தலையில் சொட்ட நின்றவள் தூத்துக்குடி அமலோற்பவம். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர் எதிர்வீட்டு ஹரிகரன், குடியிருப்போர் சங்கச் செயலாளர். பதினோராவது மாடி முழுக்கக் கதவிடுக்கில் காதை வைத்திருந்தது.

அவள் சொன்னது உண்மைதான். தீமூக்கன் என்கிற அந்த மணமுணரி, எது தீ, எது தீயில்லை என்று குடியிருப்பவர்களிடம் வாக்குக் கேட்டே கற்றுக்கொள்ளும். தீ என்று கண்டால் மணியடித்து, பூட்டிய கதவுகளையெல்லாம் தானே திறந்துவிடும். கருவாட்டுப் புகைக்கு நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் 'தீ' என்று அழுத்தின. ஒரே ஒரு வீடு மறுத்தது. யார் வீடு என்று சொல்ல வேண்டியதில்லை. சாம்பிராணிக்கும் கற்பூரத்துக்கும் 'பக்தி' என்று ஏகமனதான தீர்ப்பு. இனி எதற்கு என்று பழைய அபாயப் பொத்தான்களையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஹரிகரன் பூஜையறையில் விளக்கேற்றிவிட்டு, உள்ளறையில் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்தார். விளக்கு சரிந்தது. திரைச்சீலை பற்றியது, கற்பூர டப்பாவும் சேர்ந்து எரிந்தது. மூக்கன் முகர்ந்து பார்த்து, 'பக்தி' என்று பச்சை விளக்குக் காட்டியது.

அமலோற்பவத்தின் மூக்கு வாக்கெடுப்புக்குக் கட்டுப்பட்டதல்ல. துணி கருகுகிறது என்று அது சொன்னது. ஹரிகரன் வீட்டுக் கதவை இடித்தாள், திறக்கவில்லை. மாடியெல்லாம் கத்தினாள், வழக்கமான சண்டை என்று மற்றவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டார்கள்.

"மூணாவது தடவைதானே, அடிக்கட்டும்" என்று சட்டியை அடுப்பிலேற்றி, ஒரு கை நெத்திலியை அள்ளிப் போட்டாள்.

மூக்கன் அலறியது. எல்லாக் கதவுகளும் தாமாகத் திறந்தன. அவளைத் திட்டிக்கொண்டே கட்டடம் மொத்தமும் கீழே ஓடியது. அவள் மட்டும் எதிர்வீட்டுக்குள் ஓடி ஹரிகரனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மீட்டிங்ல இருக்கேம்மா."

"பின்னால திரும்பிப் பாருங்க சார்."

விசாரணையில் மூக்கன் தந்த அறிக்கை: தீக்குக் காரணம் நெத்திலி, கணிப்பு நூறு விழுக்காடு சரி. சங்கம் அதை நம்பி, காலி செய்யச் சொல்லி அவள் கதவில் நோட்டீஸ் ஒட்டியது; செயலாளர் கையெழுத்து மட்டும் அதில் இல்லை. அமலோற்பவம் அதைக் கிழித்துக் கருவாடு பொதிந்து வைத்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள், வறுக்கிறாள்.

போனது ஹரிகரன்தான், சிறுசேரிக்கு. எதிர்வீட்டில் கருவாடு வறுப்பார்களா என்றுதான் தரகரிடம் முதலில் கேட்டாராம். உண்டு என்று தெரிந்த பிறகே சாமான்களை இறக்கினாராம்.