வெள்ளிக்கிழமைப் பாவங்கள்

இடிப்பதற்கு முன் பள்ளிக்கூடத்தை அளவெடுக்க வந்த இன்ஜினியர், அதே பள்ளியில் பத்து வருடம் முட்டி போட்டவர். கேட்டைத் தாண்டும்போதே வாய் கசந்தது. பகல் பதினோரு மணி. உருகிய மெழுகின் வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனம்; செய்த பாவங்களை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் பாவத்துக்கு எங்கே போவார்கள்? ஒன்றுமில்லை என்றால், பொய் சொன்ன பாவம் வந்து சேரும். அதனால் வரிசையில் நிற்கும்போதே பாவங்களைக் கைமாற்றாக வாங்கிக்கொள்வார்கள். தம்பியை அடித்தேன் என்று இவர் ஒரு வருடம் ஓட்டினார். இவருக்குத் தம்பியே கிடையாது. ஃபாதர் கொட்டாவி விட்டபடி மூன்று ஜெபம் அபராதம் போடுவார். அந்தக் கொட்டாவியைத்தான் எல்லோரும் ஆண்டவரின் கருணை என்று கும்பிட்டார்கள்.

வகுப்பில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு இழுப்பு. மூச்சு விட்டால் நெஞ்சில் சத்தம் வரும். அதனால் அவன் பெயரே விசில்.

ஒருநாள் பந்து பட்டு மாதா சிலையின் விரல் உடைந்தது. எறிந்தவர் இவர். ஃபாதர் கையில் சிக்கியது விசில். ஒத்துக்கொண்டால்தான் கதவு திறக்கும் என்று சொல்லி, பள்ளியின் மாதா கோயிலில் பாவம் கேட்கும் மரக்கூண்டின் இடது அறையில் அவனை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். குட்டித் தூக்கமும் போட்டார். இவர் வெளியே நின்று, உள்ளே தட்டும் சத்தத்தைக் கேட்டார். வாயைத் திறக்கவில்லை.

பிறகு சத்தம் கேட்கவில்லை.

அவனை ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று அறிவித்து அரை நாள் லீவு விட்டார்கள். முப்பது வருடமாக இவர் உண்மையை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

"கூண்டோட இடது கதவுக்கு ஆணி அடிச்சிருக்கு சார். அதைத் தொடாதீங்க" என்றார் பள்ளியின் வாட்ச்மேன், கோயில் வாசலைத் தாண்டாமலே.

கூண்டில் மூன்று அறைகள். நடுவில் ஃபாதர், இரு பக்கமும் பாவிகள். இவர் வலது அறைக்குள் குனிந்து டேப்பை நீட்டினார்.

இடது பக்கத்திலிருந்து அந்த விசில் மூச்சு.

முட்டி தானாக மடிந்தது. அப்படிப் பழக்கி வைத்திருந்தார்கள்.

"சிலையை உடைச்சது நான்தான்" என்றார். "தெரிஞ்சே சும்மா இருந்தேன். என்னாலதான் அவன் செத்தான்."

இடது பக்கத்து மூச்சு நின்றது.

நடு அறையில் பலகை கிரீச்சிட்டது. இடையிலிருந்த தடுப்பு வலைக்கு அப்பால் யாரோ நிதானமாகக் கொட்டாவி விட்டார்கள்.

"மூணு ஜெபம் சொல்லிட்டுப் போ. மன்னிச்சாச்சு."

ஃபாதர் செத்தே இருபது வருடம். செத்தும் அந்த மனுஷன் திருந்தவில்லை. பயத்தையும் மீறி இவருக்கு அருவருப்பு பொங்கியது.

"உங்க மன்னிப்பை நீங்களே வச்சுக்கோங்க. அவனை வெளியே விடுங்க."



இடது அறையில் தட்டும் சத்தம் தொடங்கியது.

இவர் வெளியே பாய்ந்து, சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து ஆணிகளை நெம்பினார். கதவை இழுத்து அகலத் திறந்தார். "வாடா, வெளிய வாடா" என்றார். உள்ளே தூசியும் ஒட்டடையும்தான். யாரும் இல்லை.

திறந்த கதவை இவர் பிடித்தபடியே நின்றார். அந்தக் கதவின் உட்பக்கத்தை கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டும் இவருடைய உள்ளங்கையில் அதிர்ந்தது.