ஆறு போர்டு, ஓர் உயிர்

ஃபோன் அடித்தது.

வியாசர்பாடி வீட்டில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த ஜமுனா, காலை நிறுத்தாமலேயே எடுத்தாள்.

"உன் புருஷன் ரஞ்சித்குமார் எங்கிட்ட இருக்கான்."

கால் நின்றது.

"யா... யாரு பேசறது?"

"எண்பதாயிரம் குடுத்து அவன்கிட்ட கம்ப்யூட்டர் போர்டு வாங்கி ஏமாந்தவன். அதோட அசல் வெலை ரெண்டாயிரமாம்! எனக்குப் பணம் வேணாம். பழவேற்காடு பக்கம், தோணிரேவுல துளசிங்கம்னு ஒரு ஆளு இருக்கான். அவன்தான் அதைச் செய்யறவன். அவன் வீட்டுல இருக்கற போர்டு மொத்தமும் வேணும். சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் டைம். போலீஸுக்குப் போனே... புருஷன் பொணமாத்தான் வருவான்!"

கட்!

அடுத்த நொடி வாட்ஸ்அப்பில் ஒரு படம்.

ஏரிக்கு நடுவே, வலை கட்டும் கம்பு ஒன்றில் கயிற்றால் பிணைக்கப்பட்ட ரஞ்சித்குமார். மார்பு வரை தண்ணீர். வாயில் துணி. கீழே ஒரு வரி... 'தண்ணி ஏறும். படத்தை எவனுக்காவது காட்டினா அவ்ளோதான்!'

ஜமுனா அலறினாள்.

மதியம் இரண்டு மணி. தோணிரேவு.

ஆட்டோவிலிருந்து இறங்கியவளின் கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

துளசிங்கத்துக்கு அறுபத்து மூன்று வயது. மீனவக் குடும்பம்தான். ஆனால் மனுஷனுக்குக் கம்ப்யூட்டர் பித்து! நாற்பது வருடப் பழைய கம்ப்யூட்டர்களை மறுபடியும் ஓட வைக்கும் மெமரி போர்டுகளைப் பொழுதுபோக்காகத் தன் கையாலேயே செய்வார். சாமான் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் பதிந்த வரிசைப்படி, ஆளுக்கு ஒன்று அனுப்புவார்.

ஜமுனா நேராக அவர் காலில் விழுந்தாள்.

"ஐயா... என் புருஷனைக் காப்பாத்துங்க!"

"ஏந்திரும்மா... யாரு உன் புருஷன்?"

"ரஞ்சித்குமார்."

துளசிங்கத்தின் முகம் இறுகியது.

"அவனா? பதினோரு பேர்ல பதினோரு போர்டு வாங்கினானே, அந்த ஆளா? அதுல ஒரு பேரு ஜமுனா. நீதானா அது?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்கய்யா... ஆனா காசு குடுத்துதானே வாங்கினாரு? வாங்கின பொருளை விக்கறது ஒரு தப்பா?"

"வாங்கினவன் விக்கட்டும். அது அவன் இஷ்டம். பொய் பேரு குடுத்து பூந்து, வரிசையில நிக்கறவங்களுக்குப் போறதைப் புடுங்கி, நாப்பது மடங்கு வெலை வெச்சா? நான் கூலி கூட சேக்கலம்மா!"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தூத்துக்குடியில ஒரு அம்மா. செத்துப்போன மவன் காலேஜ்ல எழுதினது எல்லாம் பழைய கேசட்டுல கீது. அதைப் படிக்கற பழைய கம்ப்யூட்டர் ஓடணும்னா இந்த போர்டு வேணும். ரெண்டு வருஷமா காத்துனுகீது. போன மாசம் ஃபோன் போட்டு, 'எண்பதாயிரம் கேக்கறீங்களாமே, நல்லா இருங்க'னு அழுதுச்சிம்மா! அன்னிக்கே உன் புருஷனுக்கு இனிமே ஒண்ணும் கெடையாதுனு சொல்லிட்டேன்."

ஜமுனா விம்மலுக்கு நடுவே ஃபோன் வந்ததைச் சொன்னாள். அஞ்சு மணிக் கெடுவைச் சொன்னாள். படத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

துளசிங்கம் மெதுவாகத் திரும்பி அலமாரியைப் பார்த்தார். ஒட்டித் தயாராக ஆறு பார்சல்கள்.

"இந்த ஆறுதாம்மா கீது. இதுக்கான சிப்பு இனிமே கெடைக்காது. ஒடஞ்ச மிஷினுங்கள்லருந்து ஒண்ணு ஒண்ணா எடுத்து சேத்தது."

"ஒரு உசுரைவிட போர்டு பெருசாய்யா?"



பார்சல்களில் ஒட்டியிருந்த முகவரிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். கடைசி முகவரி தூத்துக்குடி அம்மாவுடையது. அதில் கை வைத்தவர் அந்தப் பெயரை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு அதையும் கிழித்தார். கண் கலங்கிவிட்டது.

"எடுத்துனு போம்மா. அவனைத் திட்டியிருக்கேன். சாவணும்னு நெனைக்கல."

ஜமுனா கும்பிட்டாள். 

"ஆமா, அவனை எங்க வெச்சிருக்காங்களாம்?"

"ஏரியில... கம்புல கட்டி... ஐயா, காட்டக் கூடாதுனு மிரட்டினான்!"

"அட, காட்டும்மா! இந்த ஏரியில எனக்குத் தெரியாத எடமா? பசங்கள அனுப்பினா அவுத்துட்டு வந்துருவாங்க!"

பயத்தோடு ஃபோனை நீட்டினாள்.

துளசிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். நெற்றி சுருங்கியது.

"பின்னால தெரியற மணல்மேடு... இது ஆண்டித்திட்டாச்சே! படம் எப்போ வந்திச்சி?"

"இன்னிக்கு பதினோரு மணிக்கு."

உடனே தன் தம்பி பெரியசாமிக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில்.

"டேய், எங்க கீற?"

"ஆண்டித்திட்டுலண்ணா. இன்னிக்கு இங்க நம்ம பாடுதானே? விடியகாலைலருந்து எட்டு பேரு வலை போட்டுனு கீறோம்."

"கம்புல எவனையாவது கட்டி வெச்சிருக்காங்களா?"

"இன்னாண்ணா கேக்கற? கம்புல நீர்க்காக்கா ஒண்ணு குந்தினுகீது. அதையும் எவனும் கட்டல! ஆங்... முந்தாநேத்து சாயங்காலம் ரெண்டு டவுன் ஆளுங்க படகுல வந்தாங்க. ஒருத்தன் சிரிச்சினே கம்புல கட்டிக்கினான், இன்னொருத்தன் போட்டோ புடிச்சான். ரீல்ஸ் எடுக்கறாங்கனு வுட்டுட்டோம்."

ஃபோனை வைத்தார்.

"ஏரியில எந்த எடத்துல எந்த நாள் யாரு வலை போடணும்னு ஊர்ல சீட்டுப் போட்டு முறை வெச்சிருக்கோம்மா. அதான் பாடு. சிரிச்சினே கட்டிக்கினது உன் புருஷன்தான். ஏரின்னா ஆளில்லாத எடம்னு நெனச்சிட்டான். அவனுக்காக நான் மனசு எறங்க மாட்டேன், நீ அழுதா எறங்குவேன்னு தெரிஞ்சிதான் உன்னை அனுப்பியிருக்கான்."

ஜமுனா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம் அழுத அழுகை! கும்பிடாத சாமி இல்லை! அவமானத்தில் உடம்பு எரிந்தது.

ஃபோன் அடித்தது.

"பேச்சு குடும்மா. எங்க கீறாங்கனு கேளு," என்று கிசுகிசுத்த துளசிங்கம், தன் ஃபோனில் போலீஸை அழைத்தார்.

"போர்டு கெடச்சிதா?" அதே குரல்.

"ஆறு கெடச்சிது. எங்க கொண்டாரணும்?"

"எளாவூர் செக்போஸ்ட் தாண்டி, மூடிக் கெடக்கற டீக்கடை. எதிர்ல வெள்ளைக் கார்ல இருக்கோம். போர்டை வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம போ. அப்புறம் புருஷனை வுட்டுடறேன்."

துளசிங்கம் இடத்தைப் போலீஸுக்குச் சொல்லிவிட்டுத் தலையாட்டினார்.

ஜமுனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். வுடாதீங்க."

"இ... இன்னாது?"

"கொன்னுடுங்க."

மறுமுனையில் ஏதோ இழுபறி...

"அடியே ஜமுனா! லூசாடி நீ?" ரஞ்சித்குமார் கத்தினான்.

"அடடே! வாயில துணியோட எவ்ளோ தெளிவா பேசறீங்க!"

"ஜமுனா... அது வந்து... நான் சொல்றதக் கேளு..."

"ஃபோனை அவர்கிட்ட குடுங்க... சார், இந்தாளை நீங்களே வெச்சிக்குங்க! எங்க நைனா வரதட்சணை குடுத்து வாங்கின அதே வெலைதான்... ஒத்த ரூபா லாபம் வேணாம்!"